கண்ணை மூடியிருந்தபோது நீ பார்க்காதது

மரியாதைக்குரிய மொட்டைத்தலை அண்ணனுக்கு,

உன் வாலு எழுதுவது. இங்கு எல்லாரும் நலம். பூனையும் நலம், உன் போர்வையைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டது. ராணுவ முகாமில் விடியும் முன்பே எழுப்பிவிடுகிறார்களாமே. அம்மா தண்ணீர் தெளித்தும் எழாத உன்னை எழுப்பிய அந்தப் புண்ணியவானை நான் ஒருமுறை பார்க்க வேண்டும்.

எல்லைக்குப் போக நீயாகவே பெயர் கொடுத்திருப்பதையும், வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடப் போவதையும், துணி துவைக்கப் போட்ட செய்திபோலக் கடைசி வரியில் எழுதியிருந்தாய். அம்மா படித்தாள், மடித்து வைத்தாள். "அவனுக்கு ஒண்ணும் எழுதாத. மனசு கலைஞ்சிடும்" என்றாள். நான் எப்போது சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறேன்? விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

எங்கள் பள்ளிக் கண்காட்சி முடிந்தது. தேதியை மனப்பாடம் செய்தால் தேர்வோடு போய்விடும் என்று ஓவிய டீச்சர் போர்ப் பாடத்தைக் கையால் செய்ய வைத்தது உனக்குத் தெரியும். நம் பள்ளியில் படித்து, அந்தப் போருக்குப் போய்த் திரும்பாதவர்களில் ஆளுக்கு ஒருவர் முகம். எனக்கு நம் மாமா. அவருக்கு இருப்பதோ ஒரே ஒரு குழுப்படம். அதில் முகம் மிளகு அளவு. உனக்கு அப்படியே மாமா முகம் என்று எல்லாரும் சொல்வார்களே. அதனால்தான் போன விடுமுறையில் உன்னைக் கூடத்துத் தரையில் படுக்கவைத்து, கண்மேல் ஈரப் பஞ்சு வைத்து, முகமெல்லாம் மாவுக்கட்டுத் துணி ஒட்டினேன். சிரித்தால் விரிசல் விடும், செத்தவன் மாதிரி கிட என்றேன். பிறந்ததிலிருந்து முதல்முறையாக நான் சொன்னதைக் கேட்டாய்.

அப்போது நீ பார்க்காதது ஒன்று உண்டு. அம்மா கடையிலிருந்து வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். பையைக் கீழே வைக்கவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை. நான் வேடிக்கையாக, சத்தம் போடாதே என்று வாயில் விரல் வைத்துக் காட்டினேன். அவள் உன் நெஞ்சையே பார்த்தாள். அது ஏறி இறங்குவது தெரிந்த பிறகுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நீ முகம் கழுவி வந்தபோது, பால் பொங்குது என்று சொல்லி அடுப்பங்கரைக்குள் போனாள், ஞாபகம் இருக்கிறதா? அடுப்பே பற்றவைக்கவில்லை அண்ணா.

கண்காட்சியில் முகங்களை ஆள் உயரத்தில் மாட்டியிருந்தார்கள். எதிரே நின்று, முகத்துக்கு முகம்தான் பார்க்க வேண்டும். அம்மா போய் நின்றாள். கீழே மாமாவின் பெயரும் அவர் இறந்த ஆண்டும். கூட்டத்தில் அழுதுவிடுவாளோ என்று நான் பக்கத்தில் போய் நின்றேன். அவள் அழவில்லை. டீச்சரிடம் மெதுவாகச் சொன்னாள்.

"இது என் தம்பி இல்ல டீச்சர். இவன் உசுரோட இருக்கான். கழட்டிக் குடுங்க."

டீச்சர் அப்போதே கழற்றிக் கொடுத்தார். சுவரில் இப்போது அந்த ஆணி மட்டும் இருக்கிறது.

துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். உன் தலையணையில் வைத்தாள், உடனே எடுத்துவிட்டாள். அலமாரி, மேசை, ஜன்னல் என்று மாற்றி மாற்றி வைக்கிறாள். எங்கே வைத்தாலும் அது கண்ணை மூடிக்கொண்டுதான் இருக்கிறது.

கையெழுத்துப் போடாதே என்று நான் சொல்லவில்லை. என் பேச்சை இரண்டாம் முறையும் கேட்டுவிடுவாயா என்ன? வியாழக்கிழமை அம்மாவிடம் தொலைபேசியில் பேசு, போதும். பால் பொங்கியதா என்று மட்டும் கேள்.

நீதானே வீட்டுக்குத் தலைப்பிள்ளை. தலை இல்லாமல் வால் மட்டும் ஆடினால் பார்க்கச் சகிக்காது. நல்லபடியாக இரு, கண்ணைத் திறந்துகொண்டு வந்து சேர்.

உன் தங்கை,
வாலு