சிவப்பிலேயே நின்ற பெயர்

பிரிக்பீல்ட்ஸ்
7.3.1999

அன்புத் தங்கை சந்திரகலாவுக்கு,

அக்கா புஷ்பவல்லி எழுதுவது. நலம் என்று தொடங்கத்தான் ஆசை, முடியவில்லை.

அப்பாவுக்கு இதயத்தில் மூன்று அடைப்பாம். ஏப்ரல் 13 அறுவைச் சிகிச்சை. இதைச் சொல்லத்தான் ஐந்து சனிக்கிழமையாகப் போர்ட் கிள்ளானில் என் ஆபீஸ் கணினி முன்னால் உட்காருகிறேன். அப்பாவும் கோமுட்டர் ரயில் ஏறி வந்து என் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொள்கிறார். நாம் வழக்கமாகப் பேசும் மூன்று மணியாகும். கணினியில் நாம் பேசும் சாட்டில் உன் பெயர் மட்டும் சிவப்பு. ஆளில்லை என்று அர்த்தம்.

ஆபீஸில் மாணிக்கம் அண்ணே புரோகிராமை மூடித் திறந்து பார்த்தார். உன் பெயரை அழித்துவிட்டு மறுபடி சேர்த்தார். மற்றவர்கள் எல்லாரும் பச்சையாகத் தெரிகிறார்கள். "அந்தப் பக்கம் ஒளிஞ்சிருந்தாலும் இப்படித்தான் காட்டும்லா" என்றார். அப்பா காதில் விழுந்துவிட்டது.

ஹாஸ்டலுக்கு ஃபோன் போட்டால் நீ காலி செய்துவிட்டாய் என்கிறார்கள். அதனால் நீ வேலை செய்யும் மருத்துவமனை முகவரிக்கே எழுதுகிறேன். எங்கே இருக்கிறாய்? எங்களிடமிருந்தா ஒளிகிறாய்?

அக்கா
புஷ்பா


கார்டிஃப்
16.3.1999

அன்பு அக்காவுக்கு,

கடிதத்தை வார்டில் நின்றபடியே படித்தேன். அப்பாவின் ரிப்போர்ட் நகல் எடுத்து அனுப்பு, இங்கே டாக்டரிடம் காட்டுகிறேன்.

நான் ஒளியவில்லை. ஜனவரியில் என் கணினி கெட்டு, எல்லாவற்றையும் அழித்துப் போட்டதில் பழைய கணக்கின் பாஸ்வேர்டு போய்விட்டது. சாட்டுக்குப் புது எண் எடுத்தேன். உன்னிடம் சிவப்பாக நிற்பது பழைய எண். அதில் இனி நான் வரவே முடியாது.

புது எண்ணிலிருந்து உன் அனுமதி கேட்டு மூன்று முறை அனுப்பினேன். மூன்று முறையும் நீ மறுத்துவிட்டாய். ஏன் மறுத்தாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

எண்ணைக் கீழே எழுதியிருக்கிறேன். மனமிருந்தால் சேர்த்துக்கொள்.

உன் தங்கை
சந்திரா


பிரிக்பீல்ட்ஸ்
24.3.1999

சந்திரா,

உன் எண்ணை இன்னும் சேர்க்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நான் மறுத்தது உன்னை இல்லை. சி. ஹியூஸ் என்று யாரோ ஓர் ஆளை. 'நான்தான், சேர்த்துக்கொள்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. நான்தான் என்றால் எந்த நான்? முன்பின் தெரியாதவன் வம்பு பண்ணுகிறான் என்று மூன்று முறையும் தட்டிவிட்டேன். நேற்று உன் எண்ணை வைத்துத் தேடினால் அதே பெயர் வருகிறது.

யார் அந்த ஹியூஸ்?

சாட்டில் பதில் சொல்லாதே. சனிக்கிழமை அப்பா பக்கத்தில் உட்கார்ந்து நான் படிப்பதற்கு முன்னால் திரையைப் படித்துவிடுகிறார். கடிதமாக எழுது. சீக்கிரம். ராத்திரியெல்லாம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சிகிச்சைக்கு முன்னால் அவரிடம் எதைச் சொல்வது, எதை மறைப்பது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

புஷ்பா


கார்டிஃப்
31.3.1999

அன்பு அக்கா,

ராபர்ட் ஹியூஸ். எங்கள் மருத்துவமனை எக்ஸ்ரே பிரிவில் வேலை. டிசம்பரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். அந்த வாரமே ஹாஸ்டலைக் காலி செய்தேன்.

அந்தப் புரோகிராமைப் போட்டுக் கொடுத்தது அவர்தான். பெயரையும் அவரே அடித்தார். மாற்றச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. நீ பார்த்து, இது யார் என்று கேட்பாய், அப்போது சொல்லிவிடலாம் என்று இருந்தேன். நீ மறுத்ததும், தெரிந்துதான் தள்ளிவிட்டாய் என்று நினைத்தேன். மூன்றாவது முறை மறுத்த அன்று வேலைக்கே போகவில்லை.

ஃபோன் பண்ணியிருக்கலாமே என்று கேட்பாய். அப்பா குரலைக் கேட்டுக்கொண்டே பொய் சொல்ல எனக்கு வராது அக்கா. டைப் அடிக்கும்போது பொய் சொல்லிவிடலாம்.

டிக்கெட் விசாரித்து வைத்திருக்கிறேன். என்னைப் பார்த்து அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? நீ என்ன சொன்னாலும் கேட்கிறேன்.

சந்திரா


பிரிக்பீல்ட்ஸ்
16.4.1999

அன்பு சந்திராவுக்கு,

'அப்பா நலம்' என்று சாட்டில் போட்டேன், பார்த்திருப்பாய். மீதியை அதில் எழுத முடியாது.

பத்தாம் தேதி சனிக்கிழமை உன்னைச் சேர்த்தேன். நம் திரையில் மட்டும் ஹியூஸை எடுத்துவிட்டு வேறு பெயர் போட்டுக் காட்டலாம் என்று மாணிக்கம் அண்ணே சொன்னார். வேண்டாம் என்றேன். உன் பெயர் பச்சையானது. அப்பா கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"யாரும்மா ஹியூஸ்?"

"சந்திரா வீட்டுக்காரர் பேருப்பா."

எழுந்து போய்விட்டார். 'அப்பா இருக்காங்களா' என்று நீ அடித்தது வந்தது. பதில் போடாமல் அவர் பின்னால் ஓடினேன். நீ எவ்வளவு நேரம் காத்திருந்தாயோ. அந்த வெயிலில், அந்த நெஞ்சோடு, ஸ்டேஷன் வரைக்கும் வேகமாக நடந்தார். ரயிலில் ஒரே ஒரு பேச்சுதான்: "நான் அவ்வளவு பொல்லாதவனா?"

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அதுவரை சாப்பாடு சரியில்லை. நான் சொல்லியே கொன்றுவிட்டேனோ என்று பயந்து கிடந்தேன். சாயங்காலம் நர்ஸ் ஒரு ஃபாரம் கொண்டுவந்து, நெருங்கிய உறவினர் பெயர்களைக் கேட்டாள். அப்பா பேனாவைத் தானே வாங்கிக்கொண்டார். முதலில் என் பெயரை எழுதினார். பிறகு, என்னைப் பார்க்காமலே, "ஹியூஸுக்கு ஸ்பெல்லிங் என்ன?" என்றார்.

சொன்னேன்.

"நடுவுல எதுக்கு ஒரு ஜி? வாயில வரவே இல்லையே" என்று முணுமுணுத்தபடி எழுதினார். சந்திரகலா ஹியூஸ், மகள்.

மறுநாள் சிகிச்சை ஐந்து மணி நேரம். நேற்று கண் திறந்து கஞ்சி கேட்டார்.

எனக்கு உன் மேல் கோபம் போகவில்லை. அப்பாவுக்குச் சொல்ல பயம், சரி. எனக்குமா? அதற்கான திட்டை நேரில் வந்து வாங்கிக்கொள். டிக்கெட்டை எடு. உன் வீட்டுக்காரரையும் அழைத்து வா. இதை அப்பா சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

உன் அக்கா
புஷ்பா