பெனினாவின் நட்டு விளக்கு

வின்னிபெக்
ஹனுக்கா மூன்றாம் நாள், காலை

என் செல்ல மகள் ஷூலாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்குப் பெரிய குறை ஒன்றுமில்லாமல், குளிரைத் திட்டிக்கொண்டு நன்றாக இருக்கிறோம், நீயும் மெல்போர்னில் வெயிலைத் திட்டிக்கொண்டு சௌக்கியமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறோம். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை, ஆனால் வலி குறைந்த அன்றே ஏணியில் ஏறிப் பள்ளிக்கூடத்தில் தோரணம் கட்டினாள், நான் சொன்னால் கேட்கிறாளா, நீ போனில் ஒரு வார்த்தை சொல். ஃப்ரெய்டா அத்தை வழக்கம்போல ஜாம் வைத்த டோனட் ஒரு பெட்டி நிறைய அனுப்பிவிட்டு, உனக்குத்தான் சர்க்கரை இருக்கே நீ ஏன் தின்னே என்று என்னையே கேட்கிறாள். நீ வேலை முடிந்து வந்து அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிடுகிறாய் என்று கேள்விப்பட்டேன், யார் சொன்னார்கள் என்று கேட்காதே, உட்கார்ந்து சாப்பிடு.

மருந்துக்கடையை விற்றுவிட்டு வீட்டில் சும்மா இருந்தவனை உன் அம்மா தன் மழலையர் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போய்க் கைவேலை வகுப்பில் உட்கார வைத்தாள் இல்லையா, இப்போது பிள்ளைகள் என்னைக் கோந்து தாத்தா என்று கூப்பிடுகிறார்கள். தாடியில் ஜிகினாத்தூள் போகவே மாட்டேன் என்கிறது, ஜெப ஆலயத்தில் ராப்பி என் பக்கம் திரும்பும்போதெல்லாம் கண்ணைச் சுருக்குகிறார். செப்டம்பரில் வந்த நம் புத்தாண்டுக்கு ஆப்பிளைப் பாதியாக வெட்டிச் சாயத்தில் தோய்த்து வாழ்த்து அட்டை அச்சடித்தோம், கூடாரப் பண்டிகைக்குக் காகிதச் சங்கிலி ஒட்டினோம், வெள்ளிக்கிழமை ரொட்டியை மூடிவைக்கத் துணியில் கை அச்சு வைத்தோம். இந்த மாதம், ஹனுக்காவின் எட்டு நாளும் ஏற்றுகிற மெனோரா விளக்கு. ஒரு பலகை, அதன் மேல் வரிசையாக இரும்பு நட்டுகள், ஒவ்வொரு நட்டிலும் ஒரு மெழுகுவர்த்தி நிற்கும், மற்றவற்றை ஏற்றுகிற வர்த்திக்கு மட்டும் இரண்டு நட்டை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி உயரமாக்க வேண்டும். நாலு வயதுப் பிள்ளைகளிடம் நட்டையும் கோந்தையும் கொடுத்தால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும், ஒருவன் மூக்கில் போட்டுக்கொண்டான், எடுத்துவிட்டோம்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால் பெனினாவுக்காகத்தான். உனக்கு இரண்டு வகுப்பு இளையவளாகப் படித்த லியோராவின் மகள். லியோரா போன வருஷம் வசந்தத்தில் இறந்ததை அம்மா உனக்கு எழுதியிருந்தாள். அவள் கணவன் டெரெக் ஹால்டோர்சன், கிம்லிப் பக்கத்துக்காரன், நம்மைப்போல யூதன் இல்லை, நகரத்துச் சாலைகளில் பனி அள்ளுகிற வண்டி ஓட்டுகிறான். பேச்சு குறைவு. குழந்தையைக் கூட்டிப்போக வரும்போது தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலிலேயே நிற்பான், உள்ளே வரமாட்டான்.

பண்டிகைக்கு முந்தின நாள் எல்லாப் பிள்ளைகளும் தங்கள் மெனோராவைக் கட்டிக்கொண்டு கிளம்ப, பெனினா மட்டும் தன்னுடையதை என் மேஜையில் வைத்துவிட்டு, இது இங்கயே இருக்கட்டும் என்றாள். நீலமும் ஆரஞ்சும் அடித்து, வகுப்பிலேயே அழகாகச் செய்தது அவள்தான். ஏன் கண்ணு என்றேன். "வீட்டுக்குப் போகாது தாத்தா. அப்பா வண்டிலயே போட்டுடுவார். எல்லாத்தையும் அப்படித்தான் போடுவார்." அழவில்லை, சளி பிடித்திருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள். அது காதில் விழுந்ததுதான் தாமதம், உன் அம்மா கோட்டைக்கூடப் போடாமல் வெளியே பாய்ந்தாள், நான் அவள் கோட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். வாசலில் நின்ற டெரெக்கைத் தாண்டிப் போய் அவன் வண்டிக் கதவைத் திறந்து பார்த்தால் உண்மைதான், இருக்கைக்குப் பின்னால் ஓர் அட்டைப்பெட்டி, அதில் ஆப்பிள் அட்டை, காகிதச் சங்கிலி, ரொட்டித் துணி எல்லாம். "ஏம்ப்பா டெரெக், பிள்ளை கை நோகச் செஞ்சு கொடுத்ததை இப்படியா போட்டு வைப்பே? வேண்டாம்னா எங்கிட்டயே திருப்பிக் கொடுத்திருக்கலாமே" என்று அம்மா கத்தினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். நான்தான் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன் ஷூலா. ஒவ்வொன்றும் தனித்தனியாகத் துண்டில் சுற்றியிருந்தது, காகிதச் சங்கிலி நசுங்காமலிருக்க அதன் நடுவில் தன் கம்பளித் தொப்பியைச் சுருட்டி வைத்திருந்தான், பெட்டி சரியாமல் பெல்ட் வேறு போட்டிருந்தான். கீட்டா, கொஞ்சம் இரு என்று உன் அம்மாவின் கையைப் பிடித்தேன்.

அப்புறம்தான் வாயைத் திறந்தான். போன வருஷம் முதல் நாள் விளக்கைத் தானும் குழந்தையுமாக ஏற்றினார்களாம், டொராண்டோவிலிருக்கும் லியோராவின் அண்ணன் பாரி போன் திரையில் பார்த்துக்கொண்டிருந்தானாம். பாட்டு முடிந்ததும் இவன் வர்த்தியை வாயால் ஊதி அணைத்துவிட்டான். தானாக எரிந்து அடங்க வேண்டியது என்று பாவம் அவனுக்கு எப்படித் தெரியும், லியோரா இருந்தவரை எல்லாம் அவள் பார்த்துக்கொண்டாள். பாரி குழந்தை முன்னாலேயே, "இது என்ன பர்த்டே கேக்கா? தெரியாததுல ஏன்யா கை வைக்கிறே? எல்லாம் என் தங்கச்சியோட போச்சு" என்று சொல்லிவிட்டான். துக்கத்தில் சொன்னதுதான், ஆனாலும் சொன்னது சொன்னதுதானே. "வீட்டுக்குள்ள கொண்டு போனா தப்பா வெச்சிடுவேனோன்னு பயம். தூக்கிப் போட மனசு வரலை. வேலைக்குப் போறப்பல்லாம் என்கூடவே சுத்திக்கிட்டு இருக்கட்டும்னு விட்டுட்டேன்" என்றான் டெரெக். நான் உன் அம்மாவுக்குக் கோட்டைப் போர்த்திவிட்டேன்.

நாளைக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள், எல்லாரும் சேர்ந்து ஏற்றலாம் என்று அம்மா கூப்பிட்டாள். அவன் யோசித்துவிட்டு, "உங்க வீட்ல ஏத்தினா அது உங்க வீட்டு விளக்கும்மா. அவளுக்கு அவ வீட்ல எரியணும். தாத்தாவை வேணா அனுப்புங்க" என்றான். அவனா இப்படிப் பேசினான் என்று அம்மா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் பொழுது சாயும்போது போனேன். உள்ளே நுழைந்ததும் சிரிப்பை அடக்க முடியவில்லை, கூடாரப் பண்டிகைச் சங்கிலியைச் சமையலறையில் மாட்டியிருந்தான், மார்கழிப் பனியில் குளிர்பதனப் பெட்டி மேல் புத்தாண்டு வாழ்த்து. வண்டியிலிருந்த அட்டைப்பெட்டி மூலையில் காலியாகக் கிடந்தது. ஜன்னலோரம் மேஜையில் மெனோரா, பலகை தீப்பற்றக் கூடாதென்று கீழே அலுமினியத் தாள், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், போதாதென்று தீயணைக்கும் உருளை வேறு. "ஊரையே கொளுத்தப் போறோமா என்ன?" என்றேன். "மரம் சார், நம்ப முடியாது" என்றான் முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டு. வர்த்தியை இடது ஓரத்து நட்டில் வைத்தான். நான் வாயைத் திறப்பதற்குள் பெனினா, "அந்தப் பக்கம் இல்லப்பா, இந்தப் பக்கம். தினமும் ஒண்ணு கூடிக்கிட்டே வரும். ஊதக் கூடாது, சரியா? ஊதினா நான் பேசமாட்டேன்" என்று விரலை ஆட்டினாள். ஊதமாட்டேன் தாயே என்றான். நான் ஆசிமொழி சொல்ல, அவள் கூடவே பாட, அவள் கையைத் தன் கைக்குள் பிடித்து அவன் ஏற்றினான்.

அந்தச் சமயம் பார்த்துப் போன் அடித்தது. பாரி. எடுக்கவா வேண்டாமா என்று டெரெக் என்னைப் பார்க்கிறான், அதற்குள் பெனினா எடுத்துவிட்டாள். "பாரி மாமா, பாருங்க பாருங்க" என்று போனை விளக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். பாரி கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான், என்னையும் பார்த்துவிட்டு, நீங்க ஏத்தினீங்களா ஹெர்ஷல் என்றான். "நான் விருந்தாளிப்பா. வீட்டுக்காரங்க ஏத்தினாங்க" என்றேன். அந்தப் பக்கம் வீடு இருட்டாக இருந்தது, அவன் தனியாக இருப்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிறகு, "டெரெக், நான் இன்னும் ஏத்தலை. இந்த வருஷம் வேண்டாம்னு இருந்தேன். கொஞ்சம் இருப்பியா, எடுத்துட்டு வரேன்" என்றான். இருக்கேன் பாரி, மெதுவா வா என்றான் இவன். வெறும் நாற்காலி தெரிகிற அந்தப் போனை வாளியில் சாய்த்து நிறுத்தி, மூன்று பேரும் காத்திருந்தோம். பாரி வந்து ஏற்றினான், பாதிப் பாட்டில் குரல் உடைந்தது, மிச்சத்தைப் பெனினாதான் பாடி முடித்தாள். யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. நாளைக்கும் இதே நேரம் கூப்பிடட்டுமா என்று மட்டும் கேட்டான் பாரி. நேற்றும் கூப்பிட்டானாம்.

இன்றைக்கு டெரெக் முதன்முதலாக உருளைக்கிழங்கு லாட்கே பொரிக்கப் போகிறான், எண்ணெய் காய்ந்ததா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று காலையிலிருந்தே அம்மாவைப் போனில் கேட்டுக்கொண்டிருக்கிறான், அடுப்பே இன்னும் பற்றவைக்கவில்லை.

உனக்கு ஆண்டவன் நல்ல உடம்பையும் நல்ல மனிதர்களையும் கொடுக்கட்டும், உன் வீட்டில் எப்போதும் வெளிச்சம் இருக்கட்டும். மறக்காமல் ஒன்று செய்ய வேண்டும். நீயும் லியோராவும் பள்ளி நாடகத்தில் சேர்ந்து நடித்தீர்களே, அவளைப் பற்றி உனக்கு நினைவிருப்பதையெல்லாம், சண்டை போட்டதைக்கூட, ஒளிக்காமல் எழுதி அனுப்பு. தன் அம்மா சின்னப் பெண்ணாக இருந்தபோது எப்படி இருந்தாள் என்று பெனினா டெரெக்கிடம் கேட்டாளாம். அவனுக்கு அவளைப் பெரியவளாகத்தான் தெரியும். எனக்குத் தெரியாது, நீ சொல்லவேண்டும்.

உன் அன்பு அப்பா,
ஹெர்ஷல் லிப்கின்