ஓடாதவை என்றொரு கட்டம்

புதுவாயல்
25.4.2025

அன்பு மகன் மதிவாணனுக்கு உன் நைனா ராஜவேலு எழுதுவது.

வீட்டில் எல்லாரும் சௌக்கியம். பார்டரில் உங்கள் போன்களை எல்லாம் வாங்கி வைத்துவிட்டார்களாமே, அதனால்தான் இந்த லெட்டர். மருமகள் தேவதர்ஷினிக்கு எட்டாம் மாதம் நடக்கிறது. கால் கொஞ்சம் வீக்கம், மற்றபடி குறையில்லை. ஜூன் முதல் வாரம் என்று தேதி கொடுத்திருக்கிறார்கள். மே இருபத்தைந்திலிருந்து உனக்கு லீவு என்று எழுதியிருந்தாயே, அதை நம்பித்தான் அந்தப் பெண் இருக்கிறாள்.

பஜ்ஜி விலை எழுதும் கரும்பலகைக்கு இப்போது கடையில் புது வேலை. நடுவில் கோடு கிழித்து இந்தப் பக்கம் இந்தியா, அந்தப் பக்கம் பாகிஸ்தான். ஆள், டாங்கி, விமானம், கப்பல் என்று டிவியில் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். ஷிப்ட் முடிந்து வரும் சிப்காட் ஆட்கள் டீ கிளாஸோடு நின்று படிக்கிறார்கள். "இன்னாண்ணே, எல்லாத்துலயும் நாமதான் டபுளா கீறோம்!" என்கிறான் லாரி ஓட்டும் குப்புராஜ். எனக்கும் அதைப் பார்த்தால்தான் சோறு இறங்குகிறது. நீ எதற்கும் பயப்படாதே கண்ணு.

உன் நைனா
ராஜவேலு


30.4.2025

அன்புள்ள நைனாவுக்கு,

தபாலில் போட்டால் பிரித்துப் படிப்பார்கள். அதனால் போஸ்டிங் மாறிச் சென்னைக்கு வரும் எங்கள் யூனிட் ஜோஷ்வா கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் போர்டைப் பற்றிப் படித்ததும் முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் எரிச்சல்தான் வந்தது. டிவியில் சொல்வதெல்லாம் வாங்கினதின் கணக்கு, ஓடுவதின் கணக்கு இல்லை. நம் கடையில் எத்தனை அடுப்பு என்று யாராவது கேட்டால் மூன்று என்பீர்கள். எரிவது இரண்டு. மூன்றாவதின் மேல் போன பொங்கலிலிருந்து வடைத் தட்டுதான் உட்கார்ந்திருக்கிறது. இங்கேயும் அப்படித்தான். எங்களிடம் ஆறு பீரங்கி. இரண்டுக்கு உதிரி சாமான் வரவில்லை, வலை போட்டு மூடி வைத்திருக்கிறோம். ஆறு செய்ய வேண்டிய வேலையை நான்கு செய்கிறது. எதிரில் இருப்பவனுக்கும் இதே கதையாகத்தான் இருக்கும்.

டபுள் என்று சொல்லி எனக்குத் தைரியம் கொடுக்காதீர்கள். தர்ஷினியிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டாம், பயந்துவிடுவாள்.

உங்கள் மகன்
மதிவாணன்


புதுவாயல்
5.5.2025

அன்பு மகன் மதிவாணனுக்கு,

ஜோஷ்வா நேற்று வந்து லெட்டரைக் கொடுத்தான். நல்ல பிள்ளை, டீக்குக் காசு வாங்க மாட்டேன் என்றதற்குச் சண்டை போட்டான். அடுப்புக் கதையைப் படித்து உன் அம்மா கோவிந்தம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குத்தான் சுருக்கென்றது. நீ சொன்னது நியாயம். வாங்கினதை மட்டும் எழுதுவது ஊரை ஏமாற்றுகிற வேலை.

அதனால் இன்று காலை முதல் வேலையாக, 'ஓடாதவை' என்று போர்டில் ஒரு கட்டம் சேர்த்தேன். எந்த டிவிக்காரனும் இதைச் சொல்வதில்லை. உன் யூனிட் பேரைப் போட்டு, ஆறில் ரெண்டு ரிப்பேர் என்று எழுதினேன். "மெய்யாலுமா அண்ணே?" என்றான் குப்புராஜ். "எம் புள்ள கைப்பட எழுதிக்கிறான்டா" என்றேன். என்னையும் போர்டு பக்கத்தில் நிற்க வைத்து வீடியோ எடுத்துக்கினு போனான்.

தர்ஷினிக்கு ஒன்றும் தெரியாது. அவள் கடைப்பக்கம் வருவதில்லை, கவலைப்படாதே.

உன் நைனா
ராஜவேலு


14.5.2025

நைனா,

எட்டாம் தேதி குப்புராஜின் வீடியோவை எங்கள் மேஜர் என்னிடம் காட்டினார். எங்கள் யூனிட் பேர், ஆறு, ரெண்டு, பக்கத்தில் சிரித்துக்கொண்டு நீங்கள்.

நமக்கு வந்தது எதிரிக்கும் போயிருக்கும் என்று உடனே இடம் மாறச் சொன்னார்கள். குண்டு விழுந்துகொண்டிருந்தது. ஓடாத இரண்டையும் கயிறு கட்டி இழுத்தோம். ஒருவருக்கும் உயிர் போகவில்லை. நாங்கள் நின்ற இடத்தில் மறுநாள் பெரிய குழி. வீடியோவைப் பார்த்துத்தான் சுட்டார்களா, தற்செயலா என்று யாருக்கும் தெரியாது. எனக்கு அது எப்போதும் தெரியப்போவதில்லை.

விசாரணை நடக்கிறது. எழுதினவன் நான், ஒப்புக்கொண்டேன். கொண்டு வந்து கொடுத்த ஜோஷ்வாவையும் கூப்பிட்டிருக்கிறார்கள். லீவு ரத்து. தர்ஷினிக்கு நீங்களே சொல்லுங்கள்.

இனிமேல் நான் நலம் என்பதைத் தவிர எதையும் எழுத மாட்டேன். நீங்களும் எதையும் கேட்காதீர்கள்.

மதிவாணன்


புதுவாயல்
9.6.2025

அன்பு மகன் மதிவாணனுக்கு,

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன், இது நான்காவது.

தப்பு முழுக்க என்னுடையது என்று போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன். "பெருமை பேச ஒனக்கு ஒம் புள்ளதான் கெடச்சானாய்யா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். குப்புராஜ் வீடியோவை அழித்துவிட்டான், ஆனால் அதற்குள் எத்தனையோ குரூப்புக்குப் போயிருந்தது. அவனைத் திட்ட எனக்கு வாயில்லை. ஜோஷ்வா வீட்டுக்கும் போய் அவன் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்தம்மா குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

ஜூன் மூன்றாம் தேதி காலையில் உனக்குப் பெண் குழந்தை பிறந்தது. இருவரும் நலம். உன் லீவு ரத்து என்று நான் சொன்ன அன்றிலிருந்து தர்ஷினி என்னோடு பேசுவதில்லை. குழந்தையை மட்டும் கையில் கொடுக்கிறாள். இந்த லெட்டரோடு போட்டோ வைத்திருக்கிறேன்.

போர்டில் இப்போது பஜ்ஜியும் போண்டாவும்தான். உன்னைப் பற்றி யார் கேட்டாலும் "நல்லாக்கீறான்" என்பேன், அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

எனக்குப் பயம், மதி. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. நம் பக்கம் டபுள் என்று எழுதிப் பார்த்தால் நீ கட்டாயம் திரும்பி வந்துவிடுவாய் என்று தோன்றியது. மன்னித்துவிடு. நீ எழுதும் ஒரு வரி போதும், அதை மட்டும் நிறுத்திவிடாதே.

உன் நைனா
ராஜவேலு


21.6.2025

அன்புள்ள நைனாவுக்கு,

பாப்பா போட்டோ கிடைத்தது.

நான் நலம்.

மூன்றாவது அடுப்பு எரிகிறதா? போர்டில் வேண்டாம், எனக்கு மட்டும் எழுதுங்கள்.

உங்கள் மகன்
மதிவாணன்