காற்று திரும்பிய வியாழக்கிழமை

மேற்கு கான்சாஸ்,
செப்டம்பர் மாதக் கடைசி ஞாயிறு.

அன்புள்ள டுவேனுக்கு,

உன் அண்ணி ஆர்டிஸ் எழுதுகிறேன். நீயும் வீட்டிலிருப்பவர்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் உயிரோடு இருக்கிறோம். இத்தனை வருஷம் கழித்து என் கையெழுத்தில் உறை வந்தால் யாருக்கும் நெஞ்சு திக்கென்றுதான் இருக்கும், அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் ஆரிகனில் மழை பிடித்துக்கொண்டதாக டிவியில் காட்டினார்கள். கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

இங்கே போன வாரம் முழுக்கத் தெற்குக் காற்று. இலை நிறம் மாறுகிற காலத்தில் ஜூலை மாதத்து வெயில். திங்கட்கிழமை துணி காயப்போட்டேன். எடுக்கப் போனால் படுக்கை விரிப்பெல்லாம் மண் நிறம். திரும்பத் துவைத்தேன், திரும்பவும் அதே நிறம். ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி செருகி வைத்தும் ரொட்டியைக் கடித்தால் பல்லுக்கடியில் நறநறவென்றது. ராத்திரியும் காற்று ஓயவில்லை. தூங்காத மனிதர்கள் எப்படிப் பேசிக்கொள்வார்கள், அப்படித்தான் நாங்களும் பேசிக்கொண்டோம்.

கோதுமை விதைக்க மண்ணில் ஈரமில்லை. உன் அண்ணன் லைல் புழுதியிலேயே விதைத்தார். காற்று அந்த மண்ணை விதையோடு சுரண்டிக்கொண்டு போய் வேலியோரம் கொட்டியது. "போகட்டும், குருவியாவது தின்னட்டும்"னு சொன்னார். மக்காச்சோளம் மட்டும் நன்றாக முற்றி நின்றது. வெள்ளிக்கிழமை அறுப்பதாக இருந்தோம்.

வியாழக்கிழமை மதியம் நெடுஞ்சாலையில் போன ஏதோ ஒரு வண்டியின் சங்கிலி சாலையில் உரசிப் பொறி பறந்து, ஓரத்துப் புல் பற்றிக்கொண்டது. யார் வண்டி என்று இன்றுவரை தெரியாது. அந்த ஆளுக்கே தெரிந்திருக்காது. தீ நமக்கு மேற்கே, காற்றோடு சேர்ந்து வடக்கே ஓடியது. லைல் டிராக்டரில் சட்டிக்கலப்பையை மாட்டிக்கொண்டு, சோளத்தின் மேற்கு ஓரத்தில் புல்லைப் புரட்டி, தீ தாண்டாதபடி மண்கோடு போட ஆரம்பித்தார். நான் தண்ணீர் கொண்டுபோனேன். "இது நம்மள விட்டுட்டு வடக்க போயிடும் ஆர்டிஸ், நீ வீட்டுக்குப் போ"ன்னு விரட்டினார்.

அப்போது காற்று நின்றது. வாரம் முழுக்க எப்போது நிற்கும் என்று ஏங்கியிருந்தேன். நின்றதும் தண்ணீரை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். நீயும் இந்த மண்ணில் வளர்ந்தவன், காற்று அப்படி நின்றால் திசை மாறப்போகிறது என்று உனக்குத் தெரியும். ஒரு மூச்சு விடுகிற நேரம்தான், பிறகு வடமேற்கிலிருந்து அடித்தது. பக்கவாட்டில் படுத்திருந்த நெருப்பு அவ்வளவும் எழுந்து நம்மைப் பார்த்து வந்தது.

தெற்கே இருக்கும் வீட்டில் இப்போது ப்ரென்ட், டெஸ்ஸா என்று ஓர் இளம் ஜோடி குடியிருக்கிறது. ப்ரென்ட் லாரி ஓட்டப் போயிருந்தான். நான் போன் போட்டேன். "புகையில ரோடே தெரியல ஆர்டிஸ், பச்சப் புள்ளய வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?"னு அந்தப் பெண் கதறினாள். லைலுக்குப் போன் போட்டு அதை அப்படியே சொன்னேன். இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தால் மண்கோடு முடிந்திருக்கும், சோளம் தப்பியிருக்கலாம். கலப்பையைத் தூக்கிக்கொண்டு டிராக்டரைத் தெற்கே திருப்பினார்.

பிறகு நடந்தது டெஸ்ஸா சொல்லித்தான் எனக்குத் தெரியும். "கண்ணே தெரியல. டிராக்டர் சத்தம் மட்டும் வீட்டச் சுத்திச் சுத்திக் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. அந்தச் சத்தம் இருக்கிற வரைக்கும் நான் அழல"ன்னா. தீ லைல் உழுதுபோட்ட அந்த வளையத்தைத் தொட்டு, இரண்டாகப் பிரிந்து போய்விட்டது. கோழிக்கொட்டகை மட்டும் எரிந்தது. குழந்தை பிழைத்தது.

எங்கள் வீட்டை ஊர் தீயணைப்புப் படைக்காரர்கள் காப்பாற்றிவிட்டார்கள். சோளம் ஒரு கதிர் மிச்சமில்லை. நீங்கள் இரண்டு பேரும் பிறந்த பழைய வீடும் போய்விட்டது. புகைக்கூண்டு மட்டும் நிற்கிறது. இதை வேறு யாரும் சொல்லி நீ கேட்கக் கூடாது என்று நினைத்தேன்.

லைலுக்குக் கைகளில் கட்டு. இருமல் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் இருக்கச் சொன்னார்கள், மாட்டேன் என்று வந்துவிட்டார். அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து வைத்த சாப்பாடு மேஜை நிறைய இருக்கிறது, தொடுவதில்லை. இன்று சர்ச்சில் அவர் பெயரைச் சொல்லி எல்லாரும் எழுந்து நின்றார்கள். அவர் எழுந்து வெளியே போய் பிக்கப் வண்டியில் உட்கார்ந்துகொண்டார். வீட்டிலும் அப்படித்தான், கறுத்த நிலத்தைப் பார்த்தபடியே இருக்கிறார்.

நேற்று என்னைக் கூப்பிட்டுக் கிணற்று மோட்டார் மக்கர் செய்தால் எப்படி ஓட்டுவது என்று காட்டினார். கல்யாணமான நாளிலிருந்து என்னை அதன் பக்கமே விட்டதில்லை. "எனக்கு எதுக்கு இதெல்லாம்?"னு கேட்டேன். "தெரிஞ்சு வச்சுக்கோ"ன்னார். கொஞ்ச நேரம் கழித்து, "டுவேன் சொன்னப்பவே நிலத்த வித்திருக்கணும்"னு சொன்னார். நெருப்பைப் பார்த்தபோதுகூட நான் அவ்வளவு பயப்படவில்லை.

சமையலறைக் கதவுக்குப் பின்னால் இருந்த துப்பாக்கியை ப்ரென்டிடம் கொடுத்துவிட்டேன். நரித் தொந்தரவு, இரவல் கேட்டான் என்று லைலிடம் சொன்னேன். எப்போது திருப்பித் தருவான் என்று அவர் கேட்கவில்லை. டாக்டரிடம் பேசியிருக்கிறேன், செவ்வாய்க்கிழமை அழைத்துப் போவேன். வருவாரா என்பது தெரியாது.

அப்பாவை அடக்கம் செய்த அன்றைக்கு உங்கள் இருவருக்குள்ளும் என்ன பேச்சு நடந்தது, யார் சொன்னது சரி என்றெல்லாம் நான் அன்றும் கேட்கவில்லை, இன்றும் கேட்கப்போவதில்லை. நான் இந்த வீட்டுக்கு வந்தபோது நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய். அந்த உரிமையில் ஒன்றே ஒன்று கேட்கிறேன். போன் செய்யாதே, அவர் எடுக்க மாட்டார். புறப்பட்டு வா. நிலத்தைப் பற்றிப் பேச வேண்டாம், ஆறுதலும் சொல்ல வேண்டாம். பிக்கப்பின் மறுபக்கக் கதவைத் திறந்து அவர் பக்கத்தில் ஏறி உட்கார், போதும். உன்னை இறங்கு என்று சொல்ல அவருக்கு மனசு வராது.

மாடியறையில் படுக்கை விரித்து வைத்திருக்கிறேன். வழியெல்லாம் கடவுள் உனக்குத் துணை இருக்கட்டும். தாமதிக்காதே, தம்பி.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அண்ணி ஆர்டிஸ்