என் மகளுக்குப் போட்ட விலை

ஜூன் 7, சனி

காலையில் தம்பி யதுசன் ஒரு படம் அனுப்பியிருந்தான். "அக்கா, எங்கட பிள்ளை மார்க்கெற்றிலை வந்திட்டாள்!" செவ்வாய்க்கிழமை டிலக்சனா ஆடப்போகும் முதல் சுற்று டெனிஸ் ஆட்டத்துக்குச் சனங்கள் ஏதோ ஒரு செயலியில் பந்தயம் கட்டுகிறார்களாம். அவள் வெல்வாள் என்ற சீட்டுக்கு விலை முப்பத்தொரு பென்ஸ். வென்றால் ஒரு பவுண், தோற்றால் ஒன்றுமில்லை. அதாவது என் மகள் வெல்ல நூற்றுக்கு முப்பத்தொரு பங்குதான் வாய்ப்பு.

யார் இவர்கள்? பத்து வயதிலிருந்து அவளை மைதானம் மைதானமாக ஏற்றி இறக்கியது நான். அவளுடைய இடக்கை அடியை ஒருநாளாவது நேரில் பார்த்திருப்பார்களா? தக்காளிக்குப் போடுவது போல விலை போட்டிருக்கிறார்கள்.

மனம் கேட்காமல் இன்னும் இரண்டு செயலிகளை இறக்கி ஒப்பிட்டுப் பார்த்தேன். யதுசனுடையது நீலம். பச்சை நிறச் செயலியில் முப்பத்துநாலு. செம்மஞ்சளில் இருபத்தெட்டு. செம்மஞ்சளை உடனே அழித்துவிட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

தேவாலயத்தில் பூசை முடிந்து வரும்போது டிலா என் போனைப் பார்த்துவிட்டாள். "அம்மா! டிலீற் பண்ணுங்கோ. வீட்டு ஆக்கள் ஒருத்தரும் பெற் பண்ணக்கூடாதெண்டு நான் சைன் பண்ணியிருக்கிறன். என்னை விளையாட விடமாட்டாங்கள்."

நான் காசு போடவில்லை, பார்க்க மட்டும்தான் என்றேன்.

"பாக்கவும் வேண்டாம்."

இருபது வயதுப் பிள்ளை எனக்குச் சட்டம் சொல்கிறாள். பெனடிக்ற் காரோட்டிக்கொண்டே சிரித்தார். கட்டின மனுசன் என்று ஒரு சொல் எனக்காகப் பேசினால் என்ன?

பின்னேரம் இரண்டு செயலிகளின் விதிகளையும் வாசித்தேன். வாசித்ததும் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவள் காயப்பட்டு நடுவில் நிறுத்தினால் நீலத்தில் அது தோல்வி. எதிராகக் கட்டியவனுக்கு முழுக்காசு. பச்சையில் பந்தயம் ரத்து. எல்லாருக்கும் போட்ட காசு திரும்பும். என் பிள்ளை விழுந்தால் யாருக்கு எவ்வளவு என்று இருந்து யோசித்திருக்கிறார்கள், நாசமாய்ப் போவார்.

வியாழக்கிழமையிலிருந்து அவளுக்கு வலது முழங்கால் வீக்கம். பயிற்சியாளருக்கும் எங்களுக்கும் மட்டும்தான் தெரியும். பயமாக இருந்தது. செபக்குழு வாட்ஸ்அப்பில் ஒரு மன்றாட்டுப் போட்டேன். சுசிலா அக்கா உடனே கேட்டா: "எந்தக் கால் எண்டு சொல்லுங்கோ டொலறஸ், குறிப்பாச் செபிக்கவேணும்." வலது என்று எழுதினேன். கும்பிட்ட கைகள் வரிசையாக வந்தன. மனம் ஆறியது.

ஜூன் 9, திங்கள்

வேலையிடத்தில் மத்தியானம் பார்த்தேன். நீலத்தில் விலை பத்தொன்பது! பச்சையில் முப்பத்துமூன்று. ஒரே ஆட்டம், ஒரே பிள்ளை. ஒன்றில் மட்டும் ஏன் விழுந்தது?

பிறகு விளங்கியது. இந்தச் சின்ன ஆட்டத்துக்குக் காசு போடுகிறவர்கள் குறைவு. ஒரு ஆள் கொஞ்சம் போட்டாலே விலை ஆடும். போட்டவன் நீலத்தைத் தேடிப் போயிருக்கிறான். அவள் நடுவில் நிறுத்தினாலும் காசு வருகிற இடம் அதுதான். அப்படியென்றால் அவனுக்குக் கால் விஷயம் தெரியும்.

பல்வைத்தியசாலை வரவேற்பில் பதினொரு வருடமாக இருக்கிறேன். யாருக்கு எந்தப் பல் சொத்தை என்று இன்றுவரை வெளியே மூச்சு விட்டதில்லை. என் சொந்தப் பிள்ளையின் காலை மட்டும் நூறு பேருக்கு ஓதி வைத்திருக்கிறேன். வலதாம்! குறிப்பாகச் செபிக்கவேண்டுமாம்!

அந்தக் குழுவில் இந்தச் செயலியை அறிந்தவன் யார்? எனக்குத் தெரிந்து ஒருவன்தான். வேலை முடிந்து வெளியே வந்ததும் யதுசனுக்குப் போன் அடித்தேன்.

"அக்கா, கோவிக்காதையுங்கோ. சின்னக் காசுதான்."

"யாருக்குப் போட்டனி?"

"எப்பிடியும் அவள் தோக்கத்தானே போறாள். கால் ஏலாமல் கிடக்கு. வாற காசிலை அவளுக்குத்தான் புது ராக்கெற் வாங்கிக் குடுப்பம் எண்டு..."

ராக்கெற்! என்ரை பிள்ளை விழுவாள் எண்டு கட்டிப்போட்டு அந்தக் காசிலை அவளுக்கே ராக்கெற்றாம். செவன் கிங்ஸ் ரயில் ஸ்ரேசன் வாசலிலை நிண்டு கத்தினன். சனம் திரும்பிப் பாத்தது, பாக்கட்டும். திருப்பி எடுடா எண்டன். ஆட்டத்துக்கு முதல் விக்கலாம், ஆனா இப்ப வித்தால் நட்டமாம். அவன் என்ரை கூடப்பிறந்தவன்தானோ?

டிலாவிடம் சொல்லவில்லை. நாளைக்கு ஆட்டம். எப்படிச் சொல்வது?

ஜூன் 10, செவ்வாய்

முதல் செற் போனது. இரண்டாவதை வென்றாள். அந்த இடக்கை அடி ஒவ்வொன்றுக்கும் எழுந்து நின்றேன். முப்பத்தொன்றாம், பத்தொன்பதாம்!

மூன்றாவது செற் இரண்டுக்கு இரண்டு. பந்துக்குத் திரும்பும்போது கால் மடங்கியது. நாற்காலியில் இருத்தி மருத்துவர் காலைப் பிடித்துப் பார்த்தார். டிலா தலையை நிமிர்த்தி என்னைத் தேடினாள். நிற்பாட்டட்டா என்று கண்ணால் கேட்டாள்.

எனக்கு முன்னால் அவளுடைய கால் தெரியவில்லை. நீலத் திரைதான் தெரிந்தது. தோற்றாலும் யதுசனுக்குக் காசுதான். ஆனால் மாமன் எதிராகக் கட்டியிருக்க மருமகள் நடுவில் நிறுத்தினால், சொல்லி வைத்துச் செய்தது என்றுதானே சொல்வார்கள்? பிறகு அவளை எங்கே விளையாட விடுவார்கள்?

வேண்டாம் என்று தலையாட்டினேன்.

எழும்பிப் போய் ஆடினாள். அதற்குப் பிறகு ஒரு கேமும் எடுக்கவில்லை. கடைசியில் கை குலுக்க வலைவரைக்கும் நடக்க அவளால் ஏலவில்லை. மற்றப் பெண் சுற்றி வந்தாள்.

ஜூன் 11, புதன்

ஸ்கானில் குருத்தெலும்பு கிழிந்திருக்கிறது. முதல் ஆடிய கேம்களிலோ, கால் மடங்கியபோதோ, பிறகோ - எப்போது கிழிந்தது என்று சொல்ல முடியாதாம். எனக்குச் சொல்ல முடியும்.

எல்லாவற்றையும் டிலாவிடம் சொன்னேன். செபக்குழு, மாமா, நீலம், பச்சை. கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை.

"நான் உங்களைப் பாத்தது நிப்பாட்டட்டோ எண்டு கேக்க. நீங்கள் எனக்குப் பதில் சொல்லேல்லை, அம்மா."

இரவுக்குள் விளையாட்டுக் கண்காணிப்புக்காரருக்குத் தானே எழுதிவிட்டாள். மாமாவின் பெயரும் என் பெயரும் அதில் இருக்கின்றன. அவள் செய்தது சரி. சரி என்று தெரிந்தும் எனக்குக் கோபம் வருகிறது.

ஜூன் 13, வெள்ளி

யதுசன் ராக்கெற்றோடு வந்தான். கதவைத் திறக்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

பூசைக்குப் பிறகு சுசிலா அக்கா, "கால் எப்பிடி?" என்று கேட்டா. நல்ல மனுசி, கெட்ட எண்ணம் கிடையாது. "உங்களுக்கேன்?" என்று பாய்ந்துவிட்டேன். பெனடிக்ற் என்னை இழுத்துக்கொண்டு காருக்கு வந்தார். குழுவிலிருந்து வெளியேறிவிட்டேன்.

ஜூலை 18, வெள்ளி

விசாரணை முடிந்தது. டிலாவில் குற்றமில்லை. காயத்தோடு கடைசிவரை ஆடினாள், தானாகவே முறையிட்டாள், ஆகவே சந்தேகத்துக்கு இடமில்லையாம். தொடர்ந்து விளையாடலாம். எனக்கு எச்சரிக்கை.

பெனடிக்ற் சொன்னார்: "பாத்தியே, நீ தலையாட்டினது நல்லதாப் போச்சு."

கையிலிருந்த கோப்பையைத் தொட்டிக்குள் எறிந்தேன். உடைந்தது. அவர் துண்டுகளைப் பொறுக்கினார். கால் ஏலாத பிள்ளைக்கு விளையாட அனுமதி!

ஆகஸ்ட் 5, செவ்வாய்

டிலாவின் முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு முதல் பரிசோதனை. வேலைக்கு லீவு போட்டு நான்தான் காரில் கூட்டிப்போனேன். படியேறும்போது கையைக் கொடுத்தேன், பிடித்துக்கொண்டாள். எப்போது திரும்ப ஆடலாம் என்பதை இன்றைக்குத்தான் சொல்வார்கள்.

பெயர் கூப்பிட்டார்கள். நானும் எழும்பினேன். அம்மாவும் உள்ளே வரலாமா என்று வைத்தியர் டிலாவைக் கேட்டார்.

"இல்லை, அவ வெளியிலை இருக்கட்டும்," என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

இருந்தேன். அரை மணித்தியாலத்துக்குப் பிறகு வந்தாள். என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

"ஓகே," என்றாள்.

வீடுவரைக்கும் அவ்வளவுதான்.