தளபதிக்கு நீயா, நீங்களா

மார்ச் 3, செவ்வாய்

காலை பதினொரு மணிக்குள் மூன்று சூரியன்களை அணைத்தாயிற்று. மதியம் ஒரு கிரகத்தையே தமிழில் அழ வைத்தேன். விண்வெளிப் படத்துக்கு டப்பிங் வசனம் எழுதுகிறவளுக்கு இது சாதாரண வேலைநாள்தான்.

ஐந்தாம் பாகம் போன வாரம் வெளியானது. ஆறாம் பாகம் இன்று கைக்கு வந்தது. பேரரசின் தளபதி கையை அசைத்தால் ஒரு சூரியன் அணையும். அவனை எதிர்க்கும் பெண்ணை எடுத்து வளர்த்தவர் ஒரு கப்பல் மெக்கானிக். உன் அப்பா போரில் வீரமரணம் அடைந்தார் என்று சொல்லியே வளர்த்தார். இந்தப் பாகத்தில்தான் தெரிகிறது, தளபதிதான் அவள் அப்பா என்று. மெக்கானிக்குக்கு முதலிலிருந்தே தெரியுமாம். அடேயப்பா, என்ன ஒரு திருப்பம்! நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

மார்ச் 5, வியாழன்

வசமாக மாட்டிக்கொண்டேன்.

ஐந்தாம் பாகத்தில் தளபதியிடம் சிக்கிய அந்தப் பெண் கத்துவாள்: "உங்களைக் கொல்லாம விடமாட்டேன்!" உங்களை. அப்போது அவன் அப்பா என்பது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மூலத்தில் நீ, நீங்க எல்லாம் ஒரே சொல். ஏன் மரியாதை போட்டேன்? கை போட்டது. டப்பிங் டைரக்டர் கவனிக்கவில்லை, குரல் கொடுத்த பெண்ணும் கவனிக்கவில்லை.

ரசிகர்கள் விடுவார்களா? "சூரியனை அணைச்சவனுக்கு எதுக்குடா 'ங்க'? இவன்தான்டா அவ அப்பன்!" என்று ஒருவன் வீடியோ போட்டிருக்கிறான். நாலு லட்சம் பேர் பார்த்தாயிற்று. உலகம் முழுக்கப் பொத்திப் பொத்தி வைத்த ரகசியத்தை நான் ஒருத்தி போட்டு உடைத்திருக்கிறேன்.

"ஏம்மா, கொல்லப்போறவனுக்கு யாராவது மரியாதை குடுப்பாங்களா?" என்று டப்பிங் டைரக்டர் தலையில் கைவைத்துக்கொண்டு கேட்டார். நல்ல கேள்வி.

மார்ச் 6, வெள்ளி

பதினாறு வருடம் எழுதிக் கிடைக்காத புகழ் ஒரு 'ங்க'வில் கிடைத்துவிட்டது. என் பெயரை வட்டம் போட்டுக் காட்டுகிறார்கள்.

மார்ச் 9, திங்கள்

ஸ்டுடியோ வரவேற்பில் இருக்கும் பெண் கூப்பிட்டாள். "மேடம், உங்க அப்பா போன் பண்ணினார்."

"வீட்லதானே இருக்கார். என் நம்பருக்கே பண்ணலாமே?"

"இல்ல மேடம்..." குரலைத் தாழ்த்தினாள். "வேற அப்பாவாம்."

எனக்கு ஒன்பது வயதில் வீட்டைவிட்டுப் போனவர். அந்த வீடியோவில் என் பெயரைப் பார்த்திருக்கிறார்.

வீட்டில் இருப்பவர் சார். அம்மாவுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த டிரைவிங் ஸ்கூல் சார். அம்மா லைசென்ஸும் வாங்கினாள், அவரையும் கட்டிக்கொண்டாள். என்னவென்று கூப்பிடுவது எனத் தெரியாமல் நானும் சார் என்றேன். இருபத்தெட்டு வருடமாகச் சார். அம்மா இறந்து மூன்று வருடம் ஆகிறது. இப்போது வீட்டில் நானும் அவரும்தான்.

மார்ச் 10, செவ்வாய்

அப்பாவைக் கூப்பிட்டுப் பேசினேன். நீயும் போடவில்லை, நீங்களும் போடவில்லை. "சாப்பிட்டாச்சா? உடம்பு எப்படி இருக்கு? எங்க தங்கியிருக்கறது?" இப்படியே பதினோரு நிமிடம் ஓட்டினேன். தொழில் கைகொடுத்தது.

பிறகு அவர் சொன்னார்: "வருஷா வருஷம் உன் பிறந்தநாளன்னிக்கு, கரெக்டா ஏழு மணிக்குப் பண்ணுவேன்மா. அந்த ஆளுதான் எடுப்பார். அவ வீட்ல இல்லன்னு வெச்சிடுவார்."

வீட்டில் இல்லையா? பிறந்தநாளன்று சாயங்காலம் முழுக்க நான் போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன், அடிக்குமோ என்று. சரியாக ஏழு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது சார், "பால் வாங்கிட்டு வந்துடும்மா" என்பார்.

ஆக, நான் உண்மையிலேயே வீட்டில் இல்லை. சார் பொய் சொல்கிறவர் இல்லையே.

மார்ச் 11, புதன்

சாரிடம் பேசவில்லை. பால் வாங்கவேண்டுமா என்று அவர் கேட்டார். கதவை அறைந்து சாத்திவிட்டு வேலைக்குப் போனேன்.

மார்ச் 14, சனி

கேட்டுவிட்டேன். மழுப்புவார் என்று நினைத்தேன்.

"ஆமா," என்றார் உடனே. "குடிச்சிட்டுதான் பண்ணுவார். வாய்க்கு வந்தபடி பேசுவார். பச்சைப் புள்ளகிட்ட எப்படிக் குடுக்கறது?"

அதோடு நிறுத்தியிருக்கலாம். நானும் மன்னித்துவிட்டுக் காபி போட்டிருப்பேன். மனிதர் நிறுத்தவில்லை.

"ரெண்டு வருஷம் குடிக்காம பண்ணினார். நல்லா, தன்மையா பேசினார். அப்பவும் நான் குடுக்கல."

"ஏன் சார்?"

"அவர் நல்லவராயிட்டா நீ போயிடுவியேன்னு."

அய்யோ, என்ன மனுஷன் இவர்! ஒரு பொய் சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? எத்தனை பிறந்தநாள் — அந்தப் போனையே பாத்துட்டு — நம்மள யாருக்கும் வேண்டாம்னு நெனச்சிட்டு — பால் பாக்கெட்டைத் தூக்கிட்டு ஓடி வந்திருக்கேன். எனக்கு டைபாய்டு வந்தப்ப பதினெட்டு நாள் தூங்காம இருந்தவரும் இவர்தானே. யாரைத் திட்டறது? கோவமா வருது. இவரை விட்டுட்டுப் போகவும் முடியல.

மார்ச் 17, செவ்வாய்

ஆறாம் பாகத்தின் கடைசிக் காட்சி. சாகக் கிடக்கும் தளபதியை மகள் கூப்பிடவேண்டும். 'ங்க'தான் ஊரறிந்ததாயிற்றே, இனி "தந்தையே, தாங்கள்" என்றே வரட்டும் என்று கம்பெனி உத்தரவு. பட்டாபிஷேகம் ஒன்றுதான் பாக்கி.

"நீன்னே இருக்கட்டும்," என்றேன். "திட்டறதுக்கும் நீதான், கொஞ்சறதுக்கும் நீதான். எதுன்னு பாக்கறவங்க முடிவு பண்ணிக்கட்டும்."

"மூணு சூரியனை அணைச்சவன்மா," என்றார் டைரக்டர். "கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வந்ததும் நல்லவனாயிட்டானா?"

"ஆகல. அதுக்காக இவளுக்கு அப்பன் இல்லாமப் போயிடுவானா?"

ஒலிப்பதிவாளர் குறுக்கே வந்தார். "தந்தையோ அப்பாவோ, முதல்ல உதட்டைப் பாருங்க. அந்தப் பொண்ணு வாயைப் பிளந்துட்டு நிக்குது. அப்பான்னா உதடு ஒட்டணும். தந்தையே தாங்கள்னா நீளம் இடிக்கும்." ஆக, "நீயா..." என்பதே நின்றது. பேரரசும் கம்பெனியும் அந்தப் பெண்ணின் வாயிடம் தோற்றன.

மெக்கானிக்குக்கு ஒரே ஒரு வசனம். மூலத்தில், "எல்லாம் உன் நன்மைக்காகத்தான்." நான் "பயந்துட்டேன்" என்று மாற்றினேன். நீளம் சரியாக இருந்தது. யாரும் கேட்கவில்லை.

மார்ச் 29, ஞாயிறு

இனி ஞாயிறுதோறும் அப்பா போன் பண்ணுவார் என்று சாரிடம் சொன்னேன். குடியை விட்டு ஒரு வருடம் ஆகிறதாம், அதையும் சொன்னேன். சார் வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார்.

"எத்தனை மணிக்கு?"

"ஏழு."

"சரி," என்றார். அவ்வளவுதான்.

ஏப்ரல் 5, ஞாயிறு

அப்பா பேசினார். தன் சின்ன வயதுக் கதை ஒன்று சொன்னார். சிரித்தேன். சிரித்ததற்காகக் குற்ற உணர்ச்சி வேறு. சார் அந்நேரம் பார்த்து மாடிக்குப் போய், காயாத துணியை எடுத்துவந்தார்.

ஏப்ரல் 12, ஞாயிறு

அடுப்படியில் கையெல்லாம் மாவாக இருந்தேன். ஏழு மணிக்குப் போன் அடித்தது. சார் அதை எடுக்கவில்லை, அடிக்க அடிக்க அப்படியே கொண்டுவந்து என் காதருகில் நீட்டினார். பச்சைப் பொத்தானை என்னையே அமுக்கச் சொன்னார். பிறகு வெளியே போய்விட்டார்.

அப்பா முதலில் என்னை அம்மாவின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நாக்கு குழறியது. அம்மாவைத் திட்டினார், அந்த ஆளைத் திட்டினார், நான் யார் என்று நடுவில் ஒரு தடவை கேட்டார். ஒன்பது நிமிடம் ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். "குடிச்சிருக்கியா?" என்றேன். முதல் தடவையாக நீ. அவர் போனை வைத்துவிட்டார்.

முகத்தைக் கழுவிக்கொண்டேன். சார் உள்ளே வந்தார். என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"நல்லா பேசினாரா?"

"நல்லா, தன்மையா பேசினார் சார்," என்றேன்.