விக்கும் டயல் டோன்

என்னங்க,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். நான் டியூட்டிக்குக் கிளம்புகிறேன், சாவியோடு இந்தச் சீட்டையும் எதிர்வீட்டில் கொடுத்துவிடுகிறேன்.

"என் கம்ப்யூட்டர் லினக்ஸ்ல நீதான் எதையோ நோண்டிட்ட" என்று காலையில் தாம்தூம் என்று குதித்துவிட்டுப் போனீர்களே, நான் எதையும் தொடவில்லை. நீங்கள் போனதும் நானே இன்டர்நெட் கனெக்ட் பண்ணிப் பார்த்தேன். எனக்கும் டயல் டோன் இல்லை என்றுதான் வந்தது. மோடத்தில் இருந்த டெலிபோன் ஒயரைப் பிடுங்கிப் போனில் மாட்டிக் கேட்டேன். டோன் இருக்கிறது, ஆனால் விக்கி விக்கி வருகிறது. யாராவது வாய்ஸ் மெயிலில் பேசிவைத்த செய்தியைக் கேட்காமல் விட்டால் நம் லைன் அப்படித்தான் விக்கும். மோடத்துக்கு அது டோன் என்றே தெரியவில்லை.

செய்தியைப் போட்டேன். "தம்பி, வச்சிராதடா..." நீங்கள் பேச்சே வேண்டாம் என்று ஒதுக்கிய உங்கள் அண்ணன். மேற்கொண்டு கேட்காமல் வைத்துவிட்டேன். அது உங்களுக்கு வந்தது.

டயல் ஸ்கிரிப்டில் ATX3 என்ற கட்டளையைச் சேர்த்தால், மோடம் டோனைக் காதில் வாங்காமலே டயல் பண்ணும், உங்களை மாதிரி. இல்லையென்றால், செய்தியை முழுசாகக் கேளுங்கள். விக்கல் தானாக நின்றுவிடும்.

பி.கு.: போனை உங்கள் நாற்காலிமேல் வைத்திருக்கிறேன். அதைக் கையில் எடுக்காமல் உட்கார முடியாது.